புடிச்ச குருவி

ஓய்வு பெற்ற பிறகு என்னைச் சந்திப்பவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். முப்பத்திரண்டு வருடம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக நின்றிருக்கிறீர்களே, எந்த வழக்கு உங்களுக்குக் கஷ்டமாக இருந்தது? கேட்கும்போதே ஒரு கொலைக் கதையை எதிர்பார்த்துக் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். கொலை வழக்குகளில் எனக்குப் பெரிய கஷ்டம் இருந்ததில்லை. கத்தி என்றால் எல்லா மொழியிலும் கத்திதான். என்னைக் கூச வைத்ததும், என் கையாலேயே எனக்கு எதிராக ஒரு கடிதம் எழுத வைத்ததும் ஒரு குருவி வழக்கு. புதிதாக நியமனம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்களின் கூட்டமொன்றுக்குப் போனமாதம் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். அங்கே அதைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மதியச் சாப்பாடு வந்துவிட்டது. மீதியை எழுதித் தரச் சொன்னார்கள். ஆகவே எழுதுகிறேன்.

நான் கம்பளைக்காரன். கடைவீதியில் எங்களுக்கு ஒரு துணிக்கடை இருந்தது. வீட்டுக்குள் தமிழ், கடைக்குள் சிங்களம், பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் ஆங்கிலம். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்தது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரை இங்கே இன்னமும் பழைய பெயரால் ‘முதலியார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வயதில், மீசைகூடச் சரியாக முளைக்காத முதலியாராக நான் கண்டிக்கு ரயில் ஏறினேன். என்னைப் பழக்கியவர் யாழ்ப்பாணத்தவர், அதிகம் பேசாதவர். முதல் நாள் அவர் சொன்னது இவ்வளவுதான்: “அவன் அழுதா, அழுகிறான் எண்டு நீர் சொல்லத் தேவையில்லை. நீதவானுக்குக் கண் இருக்கு. வாயால வந்ததை மட்டும் சொல்லும்.”

வாயால் வந்ததை மட்டும் சொல்வது எவ்வளவு சிரமம் என்பது போகப்போகத்தான் விளங்கியது. ஒரு சின்னப் பிள்ளை சாட்சி சொல்லும்போது “மாமா அடிச்சாரு” என்றது. சிங்களத்தில் ‘மம’ என்றால் நான். நான் வாய் திறக்கும் முன்பே அரச தரப்பில் நின்றவர், பிள்ளை தானே அடித்ததாகச் சொல்கிறது என்று துள்ளினார். தாயின் தம்பியைத்தான் சொல்கிறது என்று விளக்கிய பிறகு கோர்ட்டே சிரித்தது. பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு நாள் அக்குறணைப் பக்கத்து வியாபாரி ஒருவர், கையெழுத்து வைத்த ஆள் “மௌத்தாகிட்டாரு” என்றார். இறந்துவிட்டார் என்பதை ஏதோ ஊர்ப் பெயரென்று நினைத்து அங்கே அழைப்பாணை அனுப்பலாமா என்று யோசித்தார்கள். இப்படிப்பட்டவை நிறைய. எல்லாவற்றிலும் தப்பு செய்தவர் வேறு யாரோ, திருத்தியவன் நான். அதனால் எனக்குள் கொஞ்சம் தலைக்கனம் வளர்ந்திருந்தது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அப்போது எங்கள் நீதவானாக இருந்தவர் ஒரு பெண்மணி. மெலிந்த உருவம், மெலிந்த குரல். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. அவர் பேசத் தொடங்கினால் பின்வரிசையில் இருப்பவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் தங்கள் தவணை எப்போது என்பது காதில் விழாது. மை ஊற்றும் பேனை ஒன்று வைத்திருந்தார். எழுதும்போது மூடி கழன்றிருக்கும்; ஒருவர் சொல்வதைக் கேட்கும்போது மூடியைப் போட்டு மேசையில் வைத்துவிடுவார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யமாட்டார். மொழிபெயர்ப்பில் ஏதாவது உறுத்தினால் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: “முதலியார், இது அவர் சொன்னதா, நீங்கள் சொன்னதா?” அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் வீட்டில் அகராதி பார்ப்பேன்.

குருவி வழக்கு வந்த அன்று வழக்குப் பட்டியல் நீளம். மது, களவு, பராமரிப்புப் பணம், பஸ் கண்ணாடி உடைப்பு என்று அறுபது எழுபது பெயர்கள். நடுவில் வேலாயுதம் என்ற பெயரைக் கூப்பிட்டேன். கூண்டில் வந்து நின்றவருக்கு அறுபது வயது இருக்கும். மடுல்கெல்லயில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து விலகி, அம்பிட்டியவில் ஒரு சுற்றுலா விடுதியில் காவலுக்கு வாச்சராக இருந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கைகள் அதற்கு இரவல் போலத் தொங்கின. அவருக்காகக் கறுப்புக் கோட்டுப் போட்ட சட்டத்தரணி ஒருவரும் எழுந்து நின்றார். ஒரு வாச்சருக்கு அந்தச் சட்டத்தரணியா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டேன்.

வனவிலங்கு அலுவலர் ஒரு கூட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மேலே மூடியிருந்த துவாயை விலக்கினார். உள்ளே மூலையில் ஒரு பறவை ஒடுங்கிக் கிடந்தது. பளபளக்கும் கறுப்புத் தலை, செங்கல் நிற வயிறு, உடம்பைவிட நீளமான வால். அந்த வால் கம்பியில் உரசி நுனி பிய்ந்திருந்தது. குற்றப்பத்திரிகையில் ‘வன பொல்கிச்சா’ என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. பொல்கிச்சா என்பது எல்லா வீட்டுத் தோட்டத்திலும் திரியும் குண்டுக்கரிச்சான். இது அதன் காட்டுச் சொந்தக்காரன். ஆள் கண்ணில் படாமல் அடர்ந்த புதருக்குள் இருந்து பாடுவது. தமிழில் இதற்குச் சோலைபாடி என்று பெயர் இருப்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அன்று ‘காட்டுக் கரிச்சான்’ என்று சொல்லி வைத்தேன். வேலாயுதம் புரியாமல் விழித்தார். பிறகு கூட்டைப் பார்த்து, “ஓ, வால்குருவியைச் சொல்றீங்களா?” என்றார்.

இங்கே நடைமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, குற்றச்சாட்டை வாசித்துக் காட்டி, உன்மேல் தீர்ப்பு வழங்கக் கூடாது என்பதற்கு என்ன காரணம் சொல்கிறாய் என்று கேட்க வேண்டும். அவர் குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்டால், ஒப்புக்கொண்ட சொற்களை முடிந்தவரை அவர் சொன்னபடியே நீதவான் எழுத வேண்டும். எழுதியவுடன் வழக்கு முடிந்தது, சாட்சி வேண்டியதில்லை. எதிரி தமிழில் சொன்னால், அவர் சொன்னபடி என்பது நான் சொன்னபடிதான்.

பாதுகாக்கப்பட்ட பறவையைக் காட்டில் பிடித்ததும், அதைக் கூட்டில் வைத்திருந்ததும் குற்றம் என்று வாசித்தேன். “இதுக்கு என்ன சொல்றீங்க?” என்று கேட்டேன்.

வேலாயுதம் சட்டத்தரணியைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். வேலாயுதம் சொன்னார்: “ஆமாங்கய்யா. புடிச்ச குருவிதாங்க.”

நான் உடனே சிங்களத்தில் சொன்னேன்: “ஆமாம், நான் பிடித்த குருவிதான்.”

நீதவான் பேனையின் மூடியைக் கழற்றினார். எழுதினார். தண்டனைக்கு முன் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். வேலாயுதத்தின் முகம் சற்று மலர்ந்தது. தன்னிடம் யாரோ நல்ல விஷயம் ஒன்றைக் கேட்டுவிட்டது போலப் பேசினார்.

“ரொம்பப் புடிச்சிப்போச்சுங்க. எங்க தோட்டத்துக்குக் கீழ ஆத்தோரமா காடு இருக்குதுங்க. வெள்ளனக் கொழுந்துக்குப் போறப்ப அங்கன இது பாடும். ஆளு மட்டும் தெரியாது. அறுவது வயசுக்கு இப்பதாங்க மூஞ்சியப் பாத்தேன். அதான் அம்புட்டுப் புடிச்சிருச்சு.”

அந்த இடத்தில்தான் என் பிழை எனக்குத் தெரிந்தது.

புடிச்ச குருவி. பிடித்த குருவி. கையால் பிடித்ததும் பிடித்ததுதான், மனசுக்குப் பிடித்ததும் பிடித்ததுதான். சிங்களத்தில் இந்த இரண்டுக்கும் இரண்டு சொற்கள். ‘நான்’ என்று அவர் சொல்லவேயில்லை. அவசரத்தில் அந்த ‘நான்’ஐப் போட்டவன் நானே. கடைசியாக அவர் சொன்னதை, விருப்பம் என்ற சொல்லால் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன். ஆனால் முதலில் சொன்னது ஏற்கனவே ஏட்டில் ஏறிவிட்டது. நீதவான் தண்டனையைத் தேநீர் இடைவேளைக்குப் பிறகு சொல்வதாக எழுந்து போனார்.

பதிவேட்டு அறையில் ரவூப் நானா இருந்தார். ஏடுகளைப் பராமரிக்கும் எழுத்தர். என்னைவிட நான்கு வருடம் மூத்தவர் என்பதால் நானா, அதாவது அண்ணன். பிளேன்டிக் கோப்பையை என் பக்கம் தள்ளி, “மொகம் ஏன் இப்பிடி ஈக்கி?” என்றார். இருக்கு என்பது அவர் வாயில் ஈக்கி, சொன்னா என்பது சென்னா. நடந்ததைச் சொன்னேன்.

“நீங்க செல்லாட்டி யாருக்குத் தெரிய வரப்போகுது?” என்றார். “தண்டம் போடுவாங்க, விடுதிக்கார முதலாளி கட்டுவார், மனுசன் வீட்டுக்குப் போவார். நீங்க எழும்பிச் சென்னா, நாளைக்கு ஒவ்வொரு லோயரும் முதலியார் பிழையாச் சென்னார், முதலியார் பிழையாச் சென்னார் எண்டு பழைய ஏடெல்லாம் தூக்கிக்கிட்டு வருவான்.”

“அந்த ஆள் குற்றவாளின்னு ஏட்டுல இருக்குமே, நானா.”

“அது ஈக்கத்தான் செய்யும்.” பிறகு, சொன்னது தனக்கே பிடிக்காதது போல, “நான் செல்ல வேண்டியதச் சென்னேன். ஒங்கட வேலை ஒங்களுக்குத்தான் தெரியும்” என்றார்.

வராந்தாவில் அந்தச் சட்டத்தரணி நின்றிருந்தார். அவரிடமும் போய்ச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் தோளில் கை போட்டு, எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது, கிளறாதீர்கள் என்று சிங்களத்தில் சொன்னார். யாருக்கு நல்லபடி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தக் கை என் தோளிலிருந்து எழுந்தபோது நான் முடிவு செய்திருந்தேன்.

நீதவான் வந்து அமர்ந்ததும் எழுந்து நின்று அனுமதி கேட்டேன். முப்பத்திரண்டு வருடத்தில் என் சொந்தத் தவறைச் சொல்ல நான் அனுமதி கேட்டது அந்த ஒரு தடவைதான். “வேலாயுதம் முதலில் சொன்ன சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ‘எனக்கு விருப்பமான குருவி’ என்றும் கொள்ளலாம். ‘நான் பிடித்த’ என்று நான் மொழிபெயர்த்தேன். ‘நான்’ என்ற சொல்லை அவர் சொல்லவில்லை” என்றேன்.

நீதவான் பேனையை மூடி வைத்தார். “அதாவது, ஏட்டில் இருப்பது அவர் சொன்னது இல்லை.”

“இல்லை. நான் சொன்னது.”

பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். நீதவான் அந்தப் பக்கம் பார்த்ததும் நின்றுவிட்டது. “சரி, இரண்டு பொருள் வராத மாதிரி இப்போது கேளுங்கள்” என்றார்.

நான் வேலாயுதத்திடம் கேட்டேன்: “இந்தக் குருவியக் காட்டுல கண்ணி வச்சோ, வலை போட்டோ, கையாலயோ புடிச்ச ஆள் நீங்களா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்தார். விடுதியின் மேலாளர் அவர் என்பது பிறகு தெரிந்தது.

“ஆமாங்க. நான்தான் புடிச்சேன்.”

பொய் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொள்ள மொழி வேண்டியதில்லை. அந்த முகமே போதும். இவருக்காகத்தானே ஊரறிய என் தவறைச் சொன்னேன், இப்போது இவரே கதவை உள்ளே இருந்து பூட்டுகிறாரே என்று ஆத்திரம் வந்தது. ‘தயங்கித் தயங்கிச் சொல்கிறார்’ என்று இரண்டு சொல் சேர்த்துவிடலாமா என்று நாக்கு துடித்தது. சேர்க்கவில்லை. ஏற்கனவே ஒரு சொல் சேர்த்ததன் பலனை அனுபவித்துக்கொண்டிருந்தேனே. “ஆமாம், நான்தான் பிடித்தேன்” என்று அப்படியே சொன்னேன். வேலாயுதத்துக்குக் கடைச் சிங்களம் தெரியும். நான் சொன்னது அவருக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

நீதவான் எழுதவில்லை. பேனை மூடியபடியே கிடந்தது.

“எப்படிப் பிடித்தார் என்று கேளுங்கள்.”

கேட்டேன். வேலாயுதம் யோசித்தார். “கையாலங்க.”

“எங்கே?”

“காட்டுலங்க.”

“அது கைக்கு எட்டுமா?”

அவரால் அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை. பொய் சொல்வது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. அந்தக் குருவியைப் பற்றி என்பதால் இன்னும் முடியவில்லை. “எட்டாதுங்கம்மா,” என்றார். “இலை அசைஞ்சாலே வாய மூடிக்கிரும். ரொம்பக் கூச்சப்பட்ட சென்மம். வெளிச்சத்துக்கே வராதுங்க. விடுதியில வெள்ளைக்காரங்க சுத்தி நின்னு போட்டோ புடிப்பாங்க. அப்பல்லாம் கூட்டுக்குள்ளாற அங்குட்டும் இங்குட்டும் மோதிக்கிட்டே கெடக்கும். வால் அப்பிடித்தான் பிஞ்சிச்சு. நான்தான் சாக்கு எடுத்து மூடி விடுவேன். அதுக்கு ஏச்சும் வாங்கியிருக்கேன்.”

நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி வந்தேன். ‘கூச்சப்பட்ட சென்மம்’ என்பதற்கு மட்டும் சற்று நின்று, சரியான சொல்லைத் தேடி எடுத்துச் சொன்னேன். அலுவலர் கூட்டைத் துவாயால் மூடினார். யாரும் சொல்லாமல் அவராகவே மூடினார்.

நீதவான் சட்டத்தரணியிடம் திரும்பினார். “உங்களை நியமித்தது யார்?”

“எதிரிதான்” என்றார் அவர்.

“முதலியார், இந்தச் சட்டத்தரணியை அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.”

“தெரியாதுங்க” என்றார் வேலாயுதம். “மொதலாளி அனுப்புனாரு. என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லச் சொன்னாரு. சட்டையும் அவங்க குடுத்ததுதாங்க.”

கடைசி வாங்கில் அந்த மேலாளரின் இடம் காலியாகியிருந்தது.

நீதவான் அப்போதுதான் பேனையைத் திறந்தார். முன்பு எழுதியதன் குறுக்கே கோடிட்டுச் சுருக்கக் கையெழுத்து வைத்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஏற்க முடியாது என்று எழுதினார். அந்தப் பறவை விடுதிக்கு எப்படி வந்தது என்று மேலும் விசாரிக்கும்படி அலுவலருக்குக் கட்டளையிட்டார். வேலாயுதத்தைச் சொந்தப் பிணையில் விட்டார். பிறகு, “மொழிபெயர்ப்பாளர் தன் தவறு பற்றி எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அது ஏட்டோடு இருக்கும்” என்றார். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. இறங்கிப் போகும்போது என் மேசையருகே ஒரு கணம் நின்றார். நான் வணங்கினேன், அவர் போய்விட்டார்.

அன்று மாலை அந்தக் கடிதத்தை எழுதினேன். நான்கு வரிக்கு மேல் வரவில்லை. ரவூப் நானா அதை வாங்கி ஏட்டில் தைத்து, “எழுத்து அழகா ஈக்கி” என்றார். அவர் பயந்தது பொய்யாகவில்லை. கொஞ்சக் காலம் சட்டத்தரணிகள் என் மொழிபெயர்ப்பை அடிக்கடி குறுக்கிட்டுக் கேட்டார்கள். அது எனக்கு நல்லதாகவே முடிந்தது. அவசரப்படுவதை விட்டேன். புரியாவிட்டால், ‘இன்னொருமுறை கேட்க வேண்டும்’ என்று சொல்லக் கூச்சப்படுவதையும் விட்டேன்.

விசாரணையில் விஷயம் வெளியே வந்தது. பறவையை ஒருவரிடம் சொல்லி வரவழைத்தவர் விடுதிக்காரர். அவர் மேல் வழக்குப் பதிவானது, தண்டமும் விழுந்தது. வேலாயுதம் விடுவிக்கப்பட்டார். ஆனால் வேலை போய்விட்டது. அவர் மகள் அதே விடுதியில் சமையலறையில் இருந்தார், அவரையும் நிறுத்தினார்கள். மகளுக்காகத்தான் அன்று அந்தப் பொய். அதை அவர் எனக்குச் சொன்னது மடுல்கெல்லக் காட்டு வழியில்.

அங்கே நான் போனது கடமைக்காக இல்லை. பறவையைத் தகுந்த காட்டில் விட்டு, அறிக்கை தரும்படி நீதவான் கட்டளையிட்டிருந்தார். இந்த வகைப் பறவை வாழும் இடத்தைக் காட்ட வேலாயுதத்தைவிட வேறு ஆள் யார் என்று அலுவலருக்குத் தோன்றியிருக்கிறது. தான் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்திய ஆளிடம் தனியாகப் போகக் கூச்சம். தமிழும் அவ்வளவாக வராது. என்னிடம் வந்து தயங்கி நின்றார். நான் லீவு போட்டேன்.

வேலாயுதம் எங்களுக்கு முன்னால் தேயிலைச் சரிவில் இறங்கினார். கூட்டை அவரே தூக்கிக்கொண்டார். ஆறு கேட்கத் தொடங்கிய இடத்தில் நின்று என்னிடம் கேட்டார்:

“ஐயா, அன்னைக்கு நான் சொன்னது பொய்யின்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சா?”

“தெரிஞ்சிச்சு.”

“தெரிஞ்சும் அப்பிடியே சொல்லிப்புட்டீங்களே.”

“அது என் வேலைங்க.”

அவர் கூட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். “ஒங்க மேல ரொம்பக் கோவமா இருந்திச்சு” என்றார். “காப்பாத்துறாருன்னு நெனச்சேன், மாட்டி விட்டுட்டாரேன்னு. அப்பறம் மகதான் சொன்னா, நீ சொன்ன பொய்ய அவரு எதுக்கு மாத்தணும், நீயில்ல மாத்தணும்னு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். மகளுக்கு இப்போது வத்தேகமையில் ஒரு தையல் நிலையத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும் சொன்னார்.

ஆற்றோரம் ஈரமான, இருண்ட காடு. கூட்டை ஒரு வேரின் மேல் வைத்துக் கதவைத் திறந்தோம். பறவை மூலையிலேயே இருந்தது. பத்து நிமிடம், இருபது நிமிடம். அலுவலர் ஒரு குச்சியை எடுத்தார். வேலாயுதம் அவர் கையைத் தொட்டுத் தடுத்தார்.

“நாம பாக்குறோம்ல, அதான் வெக்கப்படுது. திரும்பிக்குவோம்.”

சிங்களத்தில் சொன்னேன். அலுவலர் குச்சியைக் கீழே போட்டார். மூன்று பெரிய மனிதர்கள் காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேயிலைச் சரிவைப் பார்த்தபடி நின்றோம். என் கழுத்தில் அட்டை ஏறியது. தட்டிவிடவில்லை. ஆற்றுச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அலுவலர்தான் முதலில் திரும்பினார். கூடு காலியாக இருந்தது.

அவர் கல்லொன்றில் அமர்ந்து அறிக்கைப் படிவத்தை முழங்காலில் விரித்தார். வழமையாக எழுதுவது ஒரு வரி: பறவை ஆரோக்கியமாகப் பறந்து சென்றதை நேரில் கண்டோம். அதைப் பாதி எழுதி நிறுத்தி என்னைப் பார்த்தார். “நாம் காணவில்லையே.”

“இல்லை” என்றேன்.

அவர் எழுதியதை வெட்டிவிட்டு, மெதுவாக வேறு எழுதினார். வேலாயுதம் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் சொல்லுக்குச் சொல் வாசித்தேன்:

“கூட்டைத் திறந்து வைத்தோம். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தவரை அது வெளியே வரவில்லை. பிறகு மூவரும் திரும்பி நின்றோம். மீண்டும் பார்த்தபோது கூட்டில் பறவை இல்லை. அது போனதை எவரும் காணவில்லை.”

வேலாயுதம் முழுவதையும் கேட்டார். கடைசி வரியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“சரிதாங்க” என்று சொல்லிப் பேனையை வாங்கினார்.